அம்பு மேசையிலிருந்து

குறுக்குவில் வாங்க வருபவர் முதலில் வேகத்தைக் கேட்பார். விநாடிக்கு எத்தனை அடி? அடுத்தது விலை. அதற்கடுத்தது மேலே பூட்டும் ஸ்கோப். எல்லாம் பேசி முடித்து, வங்கி அட்டையை இயந்திரத்தில் செருகும் நேரத்தில்தான், "ஓ, அம்பும் வேணுமல்லோ, ஏதாவது ஒரு பெட்டி எடுத்துப் போடுங்கோ" என்பார். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, வேட்டைப் பொருட்கள் விற்கும் ஒரு கடையின் வில்லம்புப் பகுதியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். இந்த வாக்கியத்தை வெள்ளையர், சீனர், பிலிப்பினோ, எங்கள் தமிழர் என்று எல்லார் வாயிலும் கேட்டாயிற்று. மானின் உடம்பைத் தொடுவது அம்பும் அதன் நுனியில் திருகியிருக்கும் பிளேடுகளும் மட்டுமே. வில்லின் வேலை நாண் முன்னால் வந்து நிற்கும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. இந்தத் தொழிலில் நான் கற்றதெல்லாம் இதன் விரிவுதான்.

ஊரில் நான் அறிந்த வேட்டை துவக்கு வேட்டை. வன்னியில் உறவினர் வீட்டுக்குப் போனால் மரை வத்தல் கிடைக்கும். யார் சுட்டது, எங்கே சுட்டது என்று சின்னப் பிள்ளைகள் கேட்கக்கூடாது. எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து, அந்தக் கடையின் பின்னறையில் பெட்டி அடுக்கச் சேர்ந்தேன். முதலாளி வயதான ஒரு வெள்ளையர், அதிகம் பேசாதவர். என் கை நிதானமானது என்று எப்படியோ கண்டுபிடித்து, அம்பு வெட்டும் மேசையில் என்னை உட்கார வைத்தார். தண்டை அளவுக்கு வெட்டுவது, வெட்டிய முகத்தைச் சரிமட்டமாகத் தேய்ப்பது, முனை திருகும் இன்சேர்ட்டைப் பசை வைத்து இறக்குவது, இறகு ஒட்டுவது, இவ்வளவும் அந்த மேசையில். வில் மாட்டியிருந்த சுவரின் பக்கம் நான் போகச் சில வருடங்கள் ஆயின. அதனால்தானோ என்னவோ, எந்த வில்லைப் பார்த்தாலும் இன்றுவரை அதன் அம்பைத்தான் முதலில் தேடுகிறேன்.

அந்த நாட்களில் தெரிவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஈஸ்டன் நிறுவனத்தின் 2219 என்ற அலுமினியத் தண்டுதான் குறுக்குவில்காரர் பலரின் அம்பு. அதன் அளவு அந்த எண்ணிலேயே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கமும் விட்டம், அங்குலத்தில் 64க்கு 22 பங்கு. அடுத்த இரண்டும் குழாய்ச் சுவரின் தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்துக்கு 19 பங்கு. 20 அங்குலத்துக்கு வெட்டி, இறகு ஒட்டி, 125 கிரெயின் முனையைத் திருகினால் மொத்தம் 450 கிரெயினைத் தாண்டும். கிரெயின் கணக்குப் பிடிபடாதவர்களுக்கு: ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். 100 கிரெயின் முனை என்பது ஆறரைக் கிராம்.

வில்களும் அப்போது நிதானமாகவே எய்தன. எங்கள் மாகாணத்திலேயே, கிச்சினர் நகரில் 1983இல் தொடங்கிய எக்ஸ்காலிபர் நிறுவனத்தின் வில்களை நிறைய விற்றோம். சக்கரங்கள் இல்லாத, நுனிகள் வெளிப்புறம் வளைந்த எளிய வில். நாண் தேய்ந்தால் காட்டுக்குள்ளேயே மாற்றிவிடலாம். விநாடிக்கு 300 அடி என்றால் அன்று பெரிய பேச்சு. பாரமான அம்பு, மிதமான வேகம், சத்தமும் குறைவு. ஆளுக்கு ஆள் அம்பு வேறுபடாத அந்தக் காலத்தில் பிரச்சினைகளும் குறைவாக இருந்தன என்று இப்போது திரும்பிப் பார்க்கும்போது தெரிகிறது.

அலுமினியத்தின் குறை, அது வளையும் என்பது. இலக்கிலிருந்து ஒருவர் அவசரமாக இழுத்தாலே போதும், கண்ணுக்குத் தெரியாத வளைவு விழுந்துவிடும். கடை மேசையின் கண்ணாடியில் உருட்டிப் பார்ப்போம். நேரான தண்டு சத்தமில்லாமல் ஓடும், வளைந்தது தட்டித் தட்டி ஓடும். பிறகு காபன் தண்டுகள் வந்தன. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்களிலேயே அலமாரி முழுக்கக் காபன் ஆகிவிட்டது. காபனில் வளைவு நிற்காது. ஒன்றில் நேராக இருக்கும், அல்லது வெடித்திருக்கும். வெடிப்புத்தான் ஆபத்து. வெடித்த தண்டை நாணில் வைத்து விசையை இழுத்தால் அது வில்லிலேயே சிதறும், சிதறிய நாரெல்லாம் முன்னங்கையில் ஏறும். மான் இறைச்சிக்குள் உடைந்தால் அந்த நார்கள் சட்டிக்குள் வரை போகும்.

ஆகவே காபன் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனையை மேசையில் செய்து காட்டுவேன். இரண்டு நுனியையும் பிடித்து, முகத்துக்கு அப்பால் வைத்து, மெல்ல வளைத்து, ஒவ்வொரு கால் சுற்றுக்கும் திருப்பி வளைக்க வேண்டும். 'சிர்' என்று ஒரு சத்தம் கேட்டாலே அந்த அம்பு குப்பைக்கு. பிறகு பஞ்சை எடுத்துத் தண்டின் நீளத்துக்குத் தடவ வேண்டும். பஞ்சு நூல் எங்காவது சிக்கினால் அந்த இடத்தில் நார் எழும்பியிருக்கிறது. ஒவ்வொரு எய்தலுக்குப் பிறகும் இதைச் செய்யச் சொல்வேன். செய்பவர்கள் பத்தில் இரண்டு பேர் இருப்பார்களா தெரியாது.

காபனோடு வேகப் பித்தும் வந்தது. தண்டு இலேசாகிவிட்டது, வில் அதே வில், ஆகவே வேகம் கூடும். 350 கிரெயின் அம்பை வைத்து அளந்த வேகத்தைப் பெட்டியில் பெரிய எழுத்தில் அடிக்கத் தொடங்கினார்கள். வாடிக்கையாளர்கள் இன்னும் இலேசான அம்பு கேட்டு வந்தார்கள். வில்லோடு வரும் கையேட்டில் ஆகக்குறைந்த அம்பு எடை என்று ஒரு வரி இருக்கும். அதை வாசித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். நாண் கொடுக்கும் சக்தியை அம்பு வாங்கிக்கொண்டு போக வேண்டும். வாங்க முடியாத அளவுக்கு அம்பு இலேசாக இருந்தால் மிச்சம் முழுக்க வில்லின் கைகளுக்கும் நாணுக்கும் திரும்பி வரும்.

"வேகம் கூடினால் வலுவும் கூடும்தானே?" என்று கேட்பவர்களுக்குக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுவது என் வழக்கம். 400 கிரெயின் அம்பு விநாடிக்கு 400 அடி போனால் அதன் இயக்க ஆற்றல் 142 அடி-பவுண்ட். அதே வில்லில் 500 கிரெயின் அம்பை வைத்தால் வேகம் 360 அடி அளவுக்கு இறங்கும். ஆற்றல் 144. ஏறக்குறைய அதே. ஆனால் எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் பாரமான அம்பின் உந்தம் எட்டில் ஒரு பங்கு கூட. விலா எலும்பில் பட்ட பிறகு தொடர்ந்து உள்ளே தள்ளிக்கொண்டு போவது அந்த உந்தம்தான். தவிர, பாரமான அம்பில் வில்லின் சத்தம் குறையும், அதிர்வு குறையும். விட்டுக்கொடுப்பது தூரத்தில் கொஞ்சம் கூடுதலாக விழுவதை மட்டும். ஒன்ராறியோவின் காடுகளில் எய்யும் தூரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 20 அங்குல அம்பை விரலில் நிறுத்திப் பாருங்கள். நடுவிலிருந்து இரண்டரை அங்குலம் முன்னால் சமநிலை பிடித்தால், முன்பாரம் பன்னிரண்டரைச் சதவீதம். பத்துக்குக் கீழே போனால் புரோட்ஹெட், அதாவது பிளேடு முனை, மாட்டிய அம்பு ஆடத் தொடங்கும். சாதாரண அலுமினிய இன்சேர்ட்டுக்குப் பதில் 110 கிரெயின் பித்தளை இன்சேர்ட்டை இறக்கினால் முன்பாரமும் கூடும், மொத்த எடையும் கூடும். சில டொலர் செலவில், ஆயிரம் டொலர் வில்லுக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த மேம்பாடு அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

நொக் விஷயத்துக்கு வருகிறேன். அம்பின் பின்முனையில், நாண் தள்ளும் இடத்தில் செருகியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு அது. தட்டையானது ஒன்று, அரைநிலா வடிவத்தில் பள்ளம் உள்ளது ஒன்று, நாணைக் கவ்விப் பிடிப்பது ஒன்று, பல பள்ளங்கள் வெட்டியது ஒன்று. எந்த வில்லுக்கு எது என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். அதை மீறக்கூடாது.

ஒரு ஒக்டோபர் சனிக்கிழமை காலை ஒரு இளைஞர் வில்லைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். தட்டை நொக் கேட்கும் வில். மச்சான் தந்த அரைநிலா அம்பை வைத்திருக்கிறார். நீளம் ஒன்று, தடிப்பு ஒன்று, பொருந்தும் என்று நினைத்திருக்கிறார். அரைநிலாப் பள்ளம் நாணுக்குக் கிடையாக நிற்கவில்லை, கொஞ்சம் திரும்பியிருந்திருக்கிறது. விசையை இழுத்ததும் நாண் நொக்கின் மேலால் வழுக்கிப் போய்விட்டது. அம்பு ஐந்தடி தள்ளி விழுந்தது. அம்பில்லாமல் அடித்த நாணின் சக்தி முழுவதையும் வில்லே வாங்கியது. வில்லின் ஒரு கை நீளவாக்கில் பிளந்து, நாண் அறுந்து தொங்கியது. ஆளுக்குக் காயம் இல்லை என்பது அதிர்ஷ்டம். அந்த நொக்கின் விலை ஒரு டொலர் இருக்கும். இப்படி உடைந்த வில் உத்தரவாதத்தில் சேராது.

அதே நாளில் அவருக்கு இன்னொன்றையும் சொல்லி அனுப்பினேன், இங்கும் சொல்லிவிடுகிறேன். முன்னால் பிடிக்கும் கையின் பெருவிரல் அம்பு ஓடும் பள்ளத்தின் மட்டத்துக்கு மேலே ஒருபோதும் எழக்கூடாது. நாண் விரலைப் பார்க்காது. பெருவிரலின் நுனி இல்லாத கையோடு என் மேசைக்கு வந்து, அடுத்த வில்லுக்கு விரற்காப்பு இருக்கிறதா என்று கேட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இனிப் புரோட்ஹெட். கடையில் அதிகம் சண்டை நடந்த இடம் இதுதான். அசையாப் பிளேடு கட்சி, விரியும் பிளேடு கட்சி என்று இரண்டு. தண்டர்ஹெட், மஸி போன்ற மூன்று பிளேட் முனைகள்தான் நான் வந்த காலத்தில் ராஜா. வெட்டு அகலம் ஓர் அங்குலம், கூடினால் ஒன்றேகால். பிளேடு மழுங்கினால் கழற்றிப் புதியது போடலாம். ஒரே உருக்கில் செய்த முனைகளும் உண்டு, அவற்றைத் தீட்டுக்கல்லில் தீட்டித் திரும்பவும் பாவிக்கலாம். இவற்றில் அசையும் பாகம் எதுவும் இல்லை, ஆகவே தவறவும் எதுவும் இல்லை.

ஆனால் வில்கள் வேகமாக வேகமாக ஒரு தொல்லை தலைதூக்கியது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடு காற்றைப் பிடிக்கும். 280 அடி வேகத்தில் அடங்கி ஒடுங்கி இருந்த முனை, 380 அடி வேகத்தில் தன் இஷ்டத்துக்கு வழி தேடும். பயிற்சி முனையில் ஒரே இடத்தில் குத்தும் அம்பு, புரோட்ஹெட் மாட்டியதும் 30 யாரில் அரையடி விலகும். "ஸ்கோப் பிழை" என்று கொண்டு வருவார்கள். நான் ஸ்கோப்பைத் தொடாமல் அம்பை வாங்குவேன். இரண்டு உருளைகள் வைத்த சுழற்றியில் கிடத்தி, விரலால் ஒரு சுண்டு. முனையின் நுனி ஒரே புள்ளியாகத் தெரிந்தால் சரி. ஒரு சின்ன வட்டம் போட்டால் எங்கோ கோணல். பெரும்பாலும் தண்டின் வெட்டுமுகம் சரிமட்டமாக இருக்காது, அல்லது இன்சேர்ட் சாய்ந்து ஒட்டியிருக்கும். அதைச் சூடாக்கிக் கழற்றி, முகத்தைத் தேய்த்து, திரும்ப ஒட்டினால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு அம்புகளுக்கு இலக்கம் எழுதச் சொல்வேன். ஆறு அம்பில் எப்போதும் ஒரே ஒன்றுதான் விலகிப் போகிறது என்றால் அது எய்பவரின் குற்றம் அல்ல. அந்த அம்பைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

விரியும் பிளேடு இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்தது. பறக்கும்போது பிளேடு மடங்கியிருக்கும், ஆகவே பயிற்சி முனையைப் போலவே போகும். தோலில் பட்டதும் விரியும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ரேஜ் என்ற பெயரில், பிளேடு பின்பக்கமாகச் சறுக்கி விரியும் முனைகள் வந்தபோது அலமாரி காலியாகிக்கொண்டே இருந்தது. வெட்டு அகலம் இரண்டு அங்குலம். இரத்தத் தடம் வர்ணம் ஊற்றியது போல இருக்கும் என்றார்கள், பல தடவை அப்படித்தான் இருந்தது.

குறையும் இருந்தது. விரிவதற்கே கொஞ்சம் சக்தி செலவாகும். அகலமான வெட்டுக்கு இன்னும் செலவாகும். குறைந்த வலு வில்லில், அல்லது சாய்ந்த கோணத்தில் தோள் எலும்பில் பட்டால், அம்பு பாதியில் நின்றுவிடும். கைவில்லுக்குச் செய்த முனையைக் குறுக்குவில்லில் மாட்டுவது இன்னொரு வில்லங்கம். நாண் உதைக்கும் உதையில், பிளேடைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் வளையமோ கழன்று, பறக்கும்போதே விரிந்துவிடும். பிறகு அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் குறுக்குவில்லுக்கென்று இறுக்கமான வளையத்தோடு தனியாக விற்கிறார்கள். பெட்டியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு கட்சிக்கும் நான் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான். புது, வேகமான வில். எய்வது வெள்ளைவால் மான். பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் எய்யும் பொறுமை உண்டு என்றால் விரியும் முனை நல்லது. பழைய வில், அல்லது மூஸ், கரடி என்றால் அசையாப் பிளேடும் பாரமான அம்பும். சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. ஒன்ராறியோவில் மானுக்குக் குறுக்குவில்லின் இழுவிசை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும், மூஸுக்கும் கரடிக்கும் 54 கிலோ. முனை குறைந்தது 22 மில்லிமீற்றர் அகலம், கூரான விளிம்பு குறைந்தது இரண்டு. எங்கள் 25 சத நாணயத்தின் விட்டம் 24 மில்லிமீற்றருக்கு ஒரு மயிரிழை குறைவு. பழைய பெட்டியில் கிடந்த முனையை யாராவது கொண்டு வந்தால் முதலில் நாணயத்தின் மேல் வைத்துப் பார்ப்பேன்.

கூர்மை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துவக்குக் குண்டு தன் வேகத்தால் உடம்பைச் சிதைத்துக் கொல்லும். அம்பு பெரும்பாலும் இரத்தப் பெருக்கால்தான் கொல்லும். மழுங்கிய பிளேடு இரத்தக் குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும், கூரான பிளேடு அதைச் சீவிவிடும். புதுப் பெட்டியைப் பிரித்தால் கூர்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள். நான் நம்புவதில்லை. ஒரு ரப்பர் பாண்டை இரண்டு விரலில் இலேசாக இழுத்துப் பிடித்து, பிளேடின் விளிம்பை அதில் சும்மா தொட வேண்டும். தொட்டதும் அறுந்தால் நல்லது. இழுத்து அறுக்க வேண்டியிருந்தால் அந்தப் பிளேடு வேட்டைக்கு ஆகாது. பயிற்சிக்கு ஒரு முறை இலக்குக்குள் போய் வந்த பிளேடும் ஆகாது. அந்த நுரைப்பஞ்சு விளிம்பைத் தின்றுவிடும். முனையைத் திருகுவதற்குப் பெட்டியோடு வரும் சாவியை எறியாதீர்கள். வெறுங்கையால் திருகி, தையல் போட்டுக்கொண்டு வந்தவர்கள் அனேகம்.

சீசனில் ஆட்கள் எய்த அம்பைக் கடைக்கே கொண்டு வருவார்கள். "அண்ணை, இதைப் பாத்துச் சொல்லுங்கோ, மானைத் தேடிப் போகலாமோ?" அந்த அம்பு சொல்வதைப் போல வேறு எதுவும் சொல்லாது. இளஞ்சிவப்பில் நுரை கலந்த இரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி நேரம் பொறுத்துப் போனால் மான் விழுந்த இடத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். நாலைந்து மணி நேரம் விட வேண்டும். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். அரை நாளாவது தொடக்கூடாது. உடனே துரத்தினால் அது எழும்பி ஓடிப் போய்ச் சதுப்பில் விழும், ஓநாய்க்குத்தான் விருந்து. மழை வருகிறது என்று அவசரப்பட்டுத் துரத்தி மானை இழந்தவர்கள்தான் என்னிடம் வந்து வேறு புரோட்ஹெட் கேட்பார்கள். முனையில் பிழை இருந்திருக்காது. அதைத் துடைத்துப் பார்த்தாலே தெரியும்.

கடைசிப் பத்து வருடத்தில் விநாடிக்கு 500 அடி எய்யும் வில்கள் வந்துவிட்டன. விஸ்கான்சினின் ரேவின், ஒஹாயோவின் டென்பொயின்ட் இரண்டும் அந்தப் போட்டியில் முன்னுக்கு நின்றன. வில் ஒடுங்கிவிட்டது, கைப்பிடியைச் சுற்றி நாணேற்றலாம், எய்யாமலே இறக்கலாம். பழைய வில்லை இறக்குவதற்கென்றே ஒரு தேய்ந்த அம்பைக் கொண்டுபோய் மண்ணில் எய்துவிட்டு வருவோம், இப்போது அந்த வேலை குறைந்துவிட்டது. இதெல்லாம் நல்ல மாற்றங்கள். அதேநேரம் நொக் முழுக்கத் தனியுரிமை ஆகிவிட்டது. ரேவினுக்கு நாணைக் கவ்வும் அவர்களுடைய நொக்தான் போட வேண்டும், வேறு அம்பை வைத்தால் ஆபத்து. அம்பு தொலைந்தால் பக்கத்துக் கடையில் கிடைப்பதை வாங்கி ஒப்பேற்றும் காலம் போய்விட்டது. வில் வாங்கும்போதே இரண்டு சீசனுக்கு அம்பையும் சேர்த்து வாங்குங்கள்.

இந்த வில்களின் ஸ்கோப்பில் 100 யார் வரை கோடு போட்டிருக்கிறது. கோடு இருக்கிறதே என்று எய்கிறார்கள். காகித இலக்குக்குச் சரி. மானுக்குக் காது இருக்கிறது. சத்தம் விநாடிக்கு 1,100 அடிக்கு மேல் போகும், 350 அடி வேக அம்பு அதன் மூன்றில் ஒரு பங்குதான். 20 யாரில் சத்தம் போய்ச் சேர்ந்து ஏறத்தாழ விநாடியின் எட்டில் ஒரு பங்கில் அம்பு வந்துவிடும். மான் திடுக்கிட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்தது. 40 யாரில் அந்த இடைவெளி இரண்டு மடங்கு. பாய்வதற்காக மான் கால்களை மடக்கித் தாழும், நுரையீரலுக்கு வைத்த குறி முதுகுக்கு மேலால் போகும், அல்லது அதைவிடக் கேவலமாக முதுகுத் தசையில் ஏறும். 500 அடி வேக வில்லும் சத்தத்தை முந்தவில்லை. மானின் உயிர்நிலை எட்டங்குல அகலம். அந்த வட்டத்துக்குள் ஒவ்வொரு அம்பையும் எந்தத் தூரம் வரை வைக்க முடிகிறதோ, அதற்கும் உள்ளே ஒரு தூரம்தான் உங்கள் வேட்டைத் தூரம். என்னுடையது 30 யார். வில் மாறியும் அது மாறவில்லை.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் கூடுதலாக வரத் தொடங்கினார்கள். ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் இளம் தகப்பன்மார். சிலர் தங்கள் தகப்பன்மாரையும் கூட்டி வருவார்கள். வன்னியில் வளர்ந்த ஒரு பெரியவர் வில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, உந்தக் கம்பியால மான் விழுமே?" என்று கேட்டார். ஒரு ரப்பர் பாண்டைத் தொட்டு அறுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் வில்லைத் தொடவில்லை, முனைகளைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வேட்டை தெரிந்தவர் என்று உடனே விளங்கிவிட்டது.

புதிதாக வருபவர்களிடம் அம்பு எடுப்பதற்கு முன்பே மூன்றைக் கேட்பேன். வேட்டைக் கல்விப் பாடநெறி முடித்தீர்களா, மான் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, யாருடைய காணியில் எய்யப் போகிறீர்கள். சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரைக்கும்தான் வேட்டை நேரம். கிடைத்த இறைச்சியை உறவினருக்குக் கொடுக்கலாம், ஒரு சதத்துக்கும் விற்கக்கூடாது. ஊரில் பங்கு போட்டு விற்ற நினைவில் இங்கே வாட்சப் குழுவில் விலை போட்டால் அபராதம் வீடு தேடி வரும்.

இப்போது நான் கடையில் இல்லை. ஆனாலும் தொலைபேசியில் கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் இந்த ஒழுங்கில்தான் இருக்கும். கையேட்டைத் திறந்து நொக் வகையையும், அம்பு நீளத்தையும், ஆகக்குறைந்த எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எடைக்குக் கீழே போகவே வேண்டாம், 50 அல்லது 100 கிரெயின் மேலே போங்கள். ஒரே வகையில் ஒரு டசின் அம்பு வாங்குங்கள். பயிற்சி முனையும் புரோட்ஹெட்டும் ஒரே எடையில் இருக்கட்டும். சீசனுக்கு இரண்டு வாரம் முன்னர் புரோட்ஹெட்டை மாட்டி எய்து பாருங்கள். பயிற்சி முனை குத்திய இடத்தில் அது குத்தாவிட்டால் அம்பைச் சுழற்றிப் பாருங்கள், பிறகு வேறு முனை தேடுங்கள், ஸ்கோப்பைக் கடைசியில் தொடுங்கள். குத்தினால், அந்தப் பிளேடுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவை போடுங்கள்.

வில்லுக்கு இரண்டாயிரம் டொலர் செலவழிப்பவர் அம்புக்கும் முனைக்கும் இருநூறு செலவழிக்கத் தயங்குவதை இந்த வேலையில் கடைசி நாள் வரை பார்த்தேன். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் விலை குறைந்த வில்லை எடுங்கள், அம்பில் கை வைக்காதீர்கள். ரப்பர் பாண்டை அறுக்காத பிளேடோடு காட்டுக்குப் போவதைவிட அந்தச் சனிக்கிழமை வீட்டில் நிற்பது மேல்.